0 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை

2023 ஜூலை கடைசியில் மகளுக்கான சைல்ட்கேர் மானியத்துக்கு விண்ணப்பித்தேன். அவளுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. எங்களுக்கு பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் விசா, கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதே ஜூலை 10-ஆம் தேதி முதல் ஆஸ்திரேலிய அரசு மானிய விகிதத்தை உயர்த்தியிருந்தது. குடும்ப வருமானம் 80,000 டாலர் வரை என்றால் 90 சதவீதம். அதற்கு மேல் ஒவ்வொரு 5,000 டாலருக்கும் ஒரு சதவீதம் குறையும். கணவரின் சம்பளம் 1,20,000. எங்களுக்கு 82 சதவீதம் வர வேண்டும். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

மைகவ் என்ற அரசு இணையக் கணக்கில் முடிவு வந்தது. மானியம் பெறக்கூடிய நேரம், இரண்டு வாரத்துக்கு: 0 மணி.

அதைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கும்பகோணத்தில் ஆறு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். கொரோனா காலத்தில் ஆஸ்திரேலிய எல்லை மூடியிருந்ததால் பிரசவம் ஊரிலேயே நடந்தது. கணவர் சிட்னியில் இருந்தார். வேலை விசாக்காரர்களுக்கு 2021 டிசம்பர் 15-ஆம் தேதிதான் எல்லை திறந்தது. 2022 பிப்ரவரியில் வந்து இறங்கியபோதுதான் அவர் மகளை முதன்முதலாகத் தூக்கினார். அப்போது அவளுக்கு ஆறு மாதம். தற்காலிக வேலை விசாவில் இருந்தவரை மானியத்துக்கு எங்களுக்கு வழியே இல்லை. முழுக் கட்டணம் கொடுத்து சைல்ட்கேருக்கு அனுப்பவும் முடியவில்லை. ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். பிஆர் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு வந்த பதில் அது.

காரணம் அப்போது நடைமுறையில் இருந்த ஆக்டிவிட்டி டெஸ்ட். 2018 ஜூலையில் பழைய இரண்டு உதவித் திட்டங்களையும் எடுத்துவிட்டு சிசிஎஸ் என்ற இப்போதைய சைல்ட்கேர் மானியத்தைக் கொண்டுவந்தபோது அதோடு சேர்ந்து வந்த விதி. பெற்றோர் வேலை, படிப்பு போன்றவற்றில் எத்தனை மணி நேரம் செலவிடுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் அப்போது குழந்தைக்கு மானிய நேரம். இரண்டு வாரத்தில் 8 முதல் 16 மணி என்றால் 36 மணி நேரம். 16-க்கு மேல் 48 வரை என்றால் 72 மணி நேரம். 48-ஐத் தாண்டினால் 100 மணி நேரம். கணவன் மனைவி இருவரில் யாருடைய மணிக்கணக்கு குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். கணவருக்கு 76. எனக்கு ஒன்றுமில்லை. வருமானம் 80,000-க்குள் இருந்திருந்தால் ஒன்றுமில்லாமலேயே 24 மணி நேரமாவது கிடைத்திருக்கும். நாங்கள் அதற்கு மேலே.

வேலைக்குப் போனால்தான் சைல்ட்கேருக்கு உதவி. குழந்தையை எங்காவது விட்டால்தான் வேலை தேடவே முடியும். சிட்னியின் பாரமட்டா பகுதியில் ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் இரண்டு மணி நேரம் மகளை விட்டுவிட்டுப் போனேன். "எப்போது சேர முடியும்?" என்று கேட்டார்கள். குழந்தைக்கு இடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை.

எங்களவர்கள் இதற்கு என்ன செய்வோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து அம்மாவை வரவழைப்போம். டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் காலையில் நடந்து பாருங்கள், தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களில் பாதிப்பேர் விசிட்டர் விசாவில் வந்த அம்மாக்களும் மாமியார்களும்தான். மூட்டு வலியோடு, பேச ஆளில்லாமல், குளிரில். ஊரில் அப்பா தனியாக ரசம் வைத்துக்கொண்டிருப்பார். என் அம்மாவும் 2022-இல் அப்படி மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனவள்தான். இன்னொரு முறை கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

வழி கிடைத்தது மேஸ் ஹில் முருகன் கோயிலில். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, பழக்கமான யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவரிடம் புலம்பினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேலை தேடுறதும் கணக்குத்தானே பிள்ளை. ஆர் உமக்கு இல்லையெண்டு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் வேலை என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டவள் நான்தான். வேலை தேடுவது, தன்னார்வப் பணி, படிப்பு, பயிற்சி, சொந்தத் தொழில் தொடங்குவது, பிரசவ விடுப்பு எல்லாமே ஆக்டிவிட்டி. சைல்ட்கேரிலிருந்து வேலைக்கோ வகுப்புக்கோ போய்வரும் நேரமும் சேரும். வேலை தேடுவதை மட்டும் வைத்தால் அப்போது 36 மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது, அவ்வளவுதான். விண்ணப்பங்கள் எழுதுவது, ரெஸ்யூமே திருத்துவது எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் நான் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தேன். மானியத்தைக் கையாளும் அரசுச் சேவையான சென்டர்லிங்கின் கணக்கில் அதைச் சேர்த்தேன். 36 மணி நேரம் வந்தது.

அடுத்த தடை தடுப்பூசி. மானியம் வேண்டுமானால் வயதுக்கு உரிய தடுப்பூசிகள் ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். மகளுக்கு இங்கே போட்டவை பதிவாகியிருந்தன. கும்பகோணத்தில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போட்டவை இல்லை. ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் நர்ஸிடம் ஊர் அட்டையைக் காட்டி, தேதியோடு ஒவ்வொன்றாக ஏற்றச் சொன்னோம். ஊரில் குழந்தை பெற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த அட்டையைத் தங்க நகையைப் போலக் கொண்டுவாருங்கள். மருந்தின் பெயரும் தேதியும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்து டாக்டர் கையெழுத்தை அந்த நர்ஸ் புரிந்துகொள்ள நாங்கள் இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

இப்போது கணக்கு. இதைத்தான் நான் ஊன்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் படித்த குடும்பங்களே இதில் பணத்தை விடுகின்றன. சைல்ட்கேர் சென்டர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டணம் சொல்வார்கள். ஆனால் மானியம் மணிக்கணக்கில்தான் போகும். அந்த ஒரு நாளை எத்தனை மணி நேர அமர்வாக சென்டர் பதிவு செய்கிறது என்பதுதான் விஷயம். நாங்கள் பார்த்த முதல் சென்டரில் நாள் கட்டணம் 140 டாலர், அமர்வு 12 மணி நேரம். காலை ஆறரைக்குத் திறந்து மாலை ஆறரைக்கு மூடுவார்கள். என் மகள் எட்டு மணி நேரம்தான் இருப்பாள், ஆனாலும் 12 மணி நேரம் கழியும். 36-ஐ 12-ஆல் வகுத்தால் இரண்டு வாரத்துக்கு மூன்று நாள். வாரம் இரண்டு நாள் அனுப்பினால் நான்காவது நாளுக்கு முழுக் காசும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அதே கட்டணத்துக்கு 9 மணி நேர அமர்வும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. நான் கேட்கும்வரை அவர்கள் சொல்லவில்லை. 36-ஐ 9-ஆல் வகுத்தால் நான்கு நாள், சரியாக வாரத்துக்கு இரண்டு நாள். இதிலும் ஒரு பிடி உண்டு. மணிக்கு இவ்வளவுக்கு மேல் மானியம் இல்லை என்று அரசு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வருஷம் அது 13.73 டாலர். 140-ஐ 9-ஆல் வகுத்தால் மணிக்கு 15.56 வருகிறது, உச்சவரம்பைத் தாண்டிவிடுகிறது. அப்படியிருந்தும் கூட்டிக் கழித்தால் 9 மணி நேர அமர்வுதான் லாபம். 12 மணி நேர அமர்வில் இரண்டு வாரத்துக்கு எங்கள் பங்கு சுமார் 216 டாலர், 9 மணி நேர அமர்வில் சுமார் 155. நேரம் தாராளமாக இருப்பவர்களுக்கு இது தலைகீழாகலாம். அவர்களுக்கு மணிக்கட்டணம் உச்சவரம்புக்குள் அடங்கும் நீண்ட அமர்வே நல்லது. ஆகவே சென்டரில் கேட்க வேண்டிய கேள்வி "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்பது மட்டுமல்ல. "எத்தனை மணி நேர அமர்வுகள் வைத்திருக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ் என்ற அரசு இணையதளத்தில் அக்கம்பக்கத்து சென்டர்களின் கட்டணத்தையும் தர மதிப்பீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், உங்கள் மானியத்தையும் கணக்குப் போடலாம்.

அந்த இரண்டு நாள்தான் எனக்குக் கதவைத் திறந்தது. 2024 பிப்ரவரியில் டாஃபே என்ற அரசுத் தொழிற்கல்வி நிறுவனத்தில் கணக்கியல் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். கட்டணமில்லாத இடம் கிடைத்தது. வகுப்பும் பயணமும் சேர்ந்து 16 மணியைத் தாண்டியதால் மானிய நேரம் 72-ஆக உயர்ந்தது. ஆகஸ்டில், வாரம் மூன்று நாள் வேலை.

அடுத்து நான் செய்த பெரிய தவறு. மானிய விகிதம் நாம் தருகிற வருமான மதிப்பீட்டை வைத்துத்தான் போடப்படுகிறது. 2024-25-க்கு நாங்கள் கொடுத்திருந்த மதிப்பீடு 1,25,000. ஆகஸ்டில் நான் வேலைக்குச் சேர்ந்தேன், அந்த எண்ணைத் திருத்தவில்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கினேன், கோயிலுக்கு அர்ச்சனை செய்தேன், இது மட்டும் நினைவுக்கு வரவில்லை. வருஷ முடிவில் இருவரின் வருமானமும் சேர்ந்து 1,78,000. அந்த வருஷம் 90 சதவீதத்துக்கான எல்லை 83,280. எங்களுக்கு உரியது 71 சதவீதம்தான், வாங்கியதோ கிட்டத்தட்ட 82 சதவீதம். ஒரு வருஷம் முழுக்க, நாளுக்கு 145 டாலர் கட்டணத்தில், அந்த வித்தியாசம் சுமார் 2,300 டாலர்.

மானியத்தில் 5 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்து வைத்திருப்பார்கள். இப்படிக் கூடக்குறைய வந்தால் ஈடுகட்டத்தான் அந்தப் பிடித்தம். அதைக் கழித்தும் நாங்கள் திருப்பிக் கட்ட வேண்டியதாக 1,400 டாலருக்குக் கொஞ்சம் மேல் நின்றது. தவணையில் கட்டினோம். கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிற எனக்கு அது பெரிய வேதனை.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், சம்பளம் மாறிய அன்றே சென்டர்லிங்க் செயலியில் மதிப்பீட்டைத் திருத்திவிடுவேன். போனஸ், ஓவர்டைம் வரும் என்று தோன்றினால் கொஞ்சம் கூட்டியே போடுவேன். அதிகமாகப் போட்டால் வருஷ முடிவில் பணம் நமக்குத் திரும்பி வரும். குறைத்துப் போட்டால் கடன். பிடித்தத்தை 5 சதவீதத்திலிருந்து கூட்டிக்கொள்ளவும் கேட்கலாம். இன்னொன்று, இங்கே வருமானம் என்றால் வரிக் கணக்கில் தெரிகிற வருமானம் மட்டுமல்ல. வாடகை வீட்டில் காட்டிய நஷ்டத்தைத் திருப்பிக் கூட்டுவார்கள். வேலை கொடுப்பவர் வழியாக எடுக்கும் கார் போன்ற சலுகைகளும் சேரும். வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வரிக் கணக்கை இருவருமே தாக்கல் செய்ய வேண்டும். முதல் வருஷம் எனக்கு வருமானமே இல்லை, ஆகவே கணவர் மட்டும் தாக்கல் செய்தார். பிடித்து வைத்த பணம் வரவே இல்லை. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, "எனக்குத் தாக்கல் செய்யத் தேவையில்லை" என்பதை நான் தெரிவித்தால்தான் அந்த வருஷக் கணக்கை முடிப்பார்கள் என்று. வீட்டில் இருக்கும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூலையில் அப்பாவுக்குத் தஞ்சாவூரில் இதய அறுவைச் சிகிச்சை. மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். எட்டு வாரம் இருக்க வேண்டியதாயிற்று. சென்டரில் இடம் போய்விடக் கூடாது என்று கட்டணம் கட்டிக்கொண்டே இருந்தோம். வராத நாட்களுக்கும் வருஷத்துக்கு 42 நாள் வரை மானியம் உண்டு, காரணம் கேட்க மாட்டார்கள், அதனால் கவலை இல்லை என்று நினைத்தேன். ஆனால் நாட்டை விட்டு வெளியே இருந்தால் ஆறு வாரம் வரைதான் மானியம். கடைசி இரண்டு வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 150 வீதம் 900 டாலர் முழுதாகப் போனது. அப்பா பிழைத்து எழுந்தார், அதற்கு முன்னால் இந்தப் பணம் ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணம், கோடை விடுமுறை என்று இரண்டு மாதத்துக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். அந்த 42 நாளும் ஊருக்குப் போவதற்கு மட்டுமல்ல. குளிர்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து நிற்கிற நாட்களும் அதில்தான் கழியும். தீர்ந்துவிட்டால், உடம்பு சரியில்லாத நாட்களுக்கு டாக்டர் சான்றிதழை சென்டரில் கொடுத்து வையுங்கள்.

இனி 2026-இல் வந்த மாற்றம். பெற்றோரின் வேலை நேரத்தை வைத்துக் குழந்தையின் நேரத்தை அளக்கும் விதியை எடுத்துவிடும்படி, அரசுக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணையம் 2024 செப்டம்பரில் வெளியான அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த டிசம்பரில் அரசு அறிவித்தது, 2025 பிப்ரவரியில் சட்டமானது, 2026 ஜனவரி 5 முதல் நடைமுறை. மானியத்துக்குத் தகுதியுள்ள எல்லாக் குடும்பத்துக்கும் இரண்டு வாரத்துக்கு 72 மணி நேரம், அதாவது வாரத்துக்கு மூன்று நாள். அம்மா வேலைக்குப் போகிறாளா, படிக்கிறாளா என்ற கேள்வி இல்லை. இருவருமே 48 மணியைத் தாண்டினால் முன்போல 100 மணி நேரம். பழங்குடிக் குழந்தைகளுக்கு எப்படியும் 100. ஏற்கெனவே மானியம் வாங்குகிறவர்களுக்குத் தானாகவே மாறிவிட்டது.

எனக்கு ஒன்றும் மாறவில்லை, நான் ஏற்கெனவே 72-இல் இருந்தேன். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று ரொம்ப நேரம் அமைதியாக இருந்தேன். குழந்தைக்குக் கிடைக்கும் மூன்று நாள், அதன் அம்மா சம்பாதிக்கிறாளா என்பதைப் பொறுத்தது அல்ல என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்வது எனக்குப் பெரிய விஷயம். இன்னும் வெளியே நிற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தற்காலிக வேலை விசாவில், சொந்தச் செலவில் படிக்கும் மாணவர் விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இப்போதும் ஒன்றுமில்லை. அந்தக் குழந்தைகளும் இதே பள்ளிக்கூடங்களுக்குத்தான் போகப் போகிறார்கள். இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் மேல்தளத்துக்குத் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் 2025 நவம்பரில் வந்தது. பிஆர் விசாவிலேயே வந்தவர்கள். மூன்று வயதுப் பையன். அவள் இன்னும் வேலை தேடவே ஆரம்பிக்கவில்லை. மூன்று நாள் கிடைக்கும் என்று சொன்னபோது நம்பவில்லை.

"வீட்டுல இருந்துக்கிட்டே பிள்ளைய விட்டா கேள்வி கேக்க மாட்டாங்களா அக்கா?"

"யாரும்மா கேட்பாங்க?"

"அத்தை கேப்பாங்க. சும்மாதானே இருக்கேன்னு."

அவள் சும்மா இருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தப் பையனோடு விளையாட இங்கே ஒரு குழந்தை இல்லை, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, மழை நாளில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்காகத்தான் அந்த மூன்று நாள் என்று அவளிடம் சொன்னேன்.

விண்ணப்பித்தாள். பையனும் சேர்ந்தான். முதல் வாரம் சென்டர் முழுக் கட்டணத்துக்குச் சீட்டு அனுப்பியது, 450 டாலர். அழுகிற குரலில் போன் செய்தாள். மாடிக்குப் போய் அவள் மைகவ் கணக்கைத் திறந்து பார்த்தேன். சென்டர் அனுப்பியிருந்த சேர்க்கை விவரத்தை அவள் அதில் உறுதி செய்யவில்லை. ஒரு பொத்தான்தான். அதை அழுத்தாமல் மானியம் சென்டருக்குப் போகாது. விண்ணப்பத்தையே தாமதமாகப் போட்டிருந்தால்கூட 28 நாள் வரை பின்தேதியிட்டுத் தருவார்கள், பயப்படாதே என்றேன்.

கணவருக்கு 1,30,000. 2025-26-க்கு 90 சதவீதத்துக்கான எல்லை 85,279. விகிதம் 81 சதவீதத்துக்கு ஒரு துளி மேல். சமையல் மேஜையில் காகிதம் வைத்து அவளையே கணக்குப் போடச் சொன்னேன். பிடித்தம் போக வாரத்துக்கு அவர்கள் கொடுக்க வேண்டியது 103 டாலர் சொச்சம் என்று வந்தது. பத்து நாள் கழித்துத் திருத்திய சீட்டு வந்தபோது, போனோடு கீழே இறங்கி வந்து, "நீங்களும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கக்கா" என்றாள். கூட்டிப் பார்த்தேன். அவள் போட்ட கணக்குதான் இருந்தது.